இருபதாயிரம் மடங்கு வைத்தியநாதன்

பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. ஹைதராபாத்தின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், கீழ்த்தளத்து இருட்டறையில், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் முன்னால் 2004-இல் நான் பார்த்த டாக்டர் வைத்தியநாதன் அதன் அசல் மாதிரி. சிறுநீரகத்திலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கைப் பிசினில் பதித்து, கண்ணுக்கே தெரியாத சீவலாக வெட்டி அவர் முன் வைத்தால் போதும். மனிதர் சாப்பாட்டை மறப்பார், மனைவியின் போனை மறப்பார், துணுக்கு யாருடையது என்பதையும் மறப்பார்.

அந்த வாரத் துணுக்கு, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் குணசேகரனுடையது. முகமும் காலும் வீங்கி மாடி வார்டில் கிடந்தார். சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. இதில்தான் தெரிந்தது: ரத்தத்தை வடிகட்டும் இடத்தில் விரல் விரலாக நிற்க வேண்டிய செல் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மருந்துக்குக் கட்டுப்படும் நோய். திங்கட்கிழமையே தெரிந்துவிட்டது. ரிப்போர்ட் போனதா? எப்படிப் போகும்? படத்தின் ஓரத்தில் ஒரு சுருக்கம்!

“இன்னொண்ணு வெட்டும்மா ஜுலைகா. டெல்லி மாநாட்டுல காட்டணும்.”

டெக்னீஷியன் ஜுலைகா செவ்வாயும் வெட்டினார், புதனும் வெட்டினார்.

வியாழனன்று குணசேகரனின் மனைவி ஸ்டெல்லா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“சார், அவருக்கு மூச்சு வாங்குது. ரிப்போர்ட் வந்தாத்தான் மருந்துன்றாங்க.”

“வாங்கம்மா, உக்காந்து பாருங்க! உங்க வீட்டுக்காரர்தான். இருபதாயிரம் மடங்கு! என்ன அழகு!”

ஸ்டெல்லா திரையை உற்றுப் பார்த்தார். “இதுல அவரு எங்க சார் இருக்காரு?”

டாக்டர் விரலால் காட்டவே தொடங்கிவிட்டார். ஜுலைகாவுக்குப் பொறுக்கவில்லை.

“கைக்கு? ஏன் சார் இவ்ளோ லேட்டு? கையெழுத்துப் போடுங்க!” என்று ஹைதராபாத் உருது கலந்து கேட்டு, டைப் அடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டை நீட்டினார். போட்டார். கண் திரையிலேயே இருந்ததால் தேதிக்கான இடத்தில் போட்டார்.

அன்றே மருந்து தொடங்கியது. ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து, நன்றி சொல்லக் குணசேகரனே கீழே இறங்கி வந்தார்.

“யாரு நீங்க?” என்றார் டாக்டர். பெயரைக் கேட்டதும் முகம் சுருங்கிப்போயிற்று. “அடடா, சரியாப் போச்சா? இனிமே அந்தப் படம் கிடைக்காதே!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று உங்கள் மகள் நீட்டிய மார்க் ஷீட்டில், கணக்கில் போன அந்த இரண்டு மார்க்கை எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்? அது இருக்கட்டும். அவள் எப்போது அறையை விட்டுப் போனாள், கவனித்தீர்களா?