திரும்பி வருவதற்கான அத்தாட்சி

விசா பல வகைப்படும். படிக்கப் போக ஒன்று, வேலைக்கு ஒன்று, கட்டியவனோடு போய்ச் சேர ஒன்று, சும்மா பார்த்துவிட்டு வர ஒன்று. இவற்றில் ஆகக் கடினமானது கடைசி வகைதான். அங்கேயே இருக்கப் போகிறேன் என்பவனை அந்த நாடு நம்பிவிடும். திரும்பி வந்துவிடுவேன் என்பவனைத்தான் நம்பாது.

பஞ்சாபில் நகோதர் பக்கத்து ஊர்க்காரர் நாஹர் சிங்குக்கு அந்தக் கடைசி வகைதான் வேண்டியிருந்தது. கடல்தாண்டிக் குளிர் நாட்டில் இருக்கும் ஒரே மகள் சிம்ரத்துக்குத் தலைப்பிரசவம். தாயில்லாப் பெண். நீங்களாவது பக்கத்தில் இருங்கள் என்று போனில் அழுதிருந்தாள். தம்பி மனைவி பிள்ளை பெற்றவளுக்கென்று நெய் வடிய வடியப் பஞ்சீரி கிண்டி டின்னில் அடைத்தும் வைத்துவிட்டாள்.

எட்டு ஏக்கர் கோதுமை வயலின் பத்திரம், நான்கு எருமைகளின் புகைப்படம் எல்லாம் இணைத்து விண்ணப்பித்தார். ‘தாங்கள் தாயகம் திரும்புவீர்கள் எனக் கருதப் போதிய முகாந்திரம் இல்லை’ என்று பதில் வந்தது.

ஜலந்தரில் விசா ஏஜென்ட் திலாவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

“நிலம் எங்க அங்கிள்ஜி ஆள இழுத்துட்டு வரும்? நிலத்தகராறுதான் இழுத்துட்டு வரும். தம்பியோட கேஸ் ஏதாச்சும் இருக்கா?”

“ஒரே அடுப்புல சாப்பிடுறோம்பா.”

“அதான் அவங்களுக்குச் சந்தேகம்.”

நியாயமான வாதம். பஞ்சாபில் பெண்டாட்டியை விட்டுப் போனவன் உண்டு, பெற்றவர்களை விட்டுப் போனவன் உண்டு; நடக்கிற வழக்கை விட்டுப் போனவன் கிடையாது.

தம்பி பூட்டா சிங் தங்கமான மனிதன். மறுநாளே, பம்புசெட்டை அண்ணன் அபகரித்துவிட்டதாக வழக்குப் போட்டான். வெறும் அபகரிப்பு எடுபடாது, கோடரியால் வெட்ட வந்ததாகவும் எழுது என்றார் அண்ணன். தம்பி கண்கலங்கித்தான் எழுதினான்.

வழக்கின் நகலை இணைத்து மறுபடி விண்ணப்பித்தார். நான்கே வாரத்தில் விசா வந்தது. கோடரி தூதரகத்துக்குப் பிடித்திருந்தது.

செய்தி பரவியது. நாற்பது வருடம் பஞ்சாயத்தே கூடாத ஊரில் வீட்டுக்கு வீடு வழக்கு. தம்பி இல்லாதவர்கள் மைத்துனன் மேல் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சம்மனைக் கைகூப்பி வாங்கிக்கொண்டு லஸ்ஸி கொடுத்து அனுப்பினார். சம்பந்தம் பேச வந்தவர்கள், பையன்மேல் எத்தனை கேஸ் என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

நாஹர் சிங் டிக்கெட் எடுத்த அன்று நீதிமன்ற உத்தரவு வந்தது: கோடரியோடு திரியும் பிரதிவாதி, வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டு வெளியேறலாகாது. தம்பியின் வக்கீல் கடமை தவறாதவர்.

“கேஸ வாபஸ் வாங்குடா பூட்டா. அவளுக்கு நாள் நெருங்கிருச்சு.”

பூட்டா தரையைப் பார்த்தான். “அண்ணே, அதே கேஸக் காட்டித்தான் நானும் அங்க இருக்கற என் பையனப் பாக்க விசாவுக்குப் போட்டிருக்கேன். எனக்கு வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க.”

அன்றைக்குத்தான் நாஹர் சிங் முதன்முறையாகக் கோடரியைத் தேடினார்.

பேத்தி செவ்வாய்க்கிழமை பிறந்தாள். உள்ளங்கையளவு திரையில் அவளைப் பார்த்து நாஹர் சிங் தேம்பித் தேம்பி அழுதார். அந்த வாரமே பூட்டாவுக்கும் விசா வந்தது. அண்ணனின் வக்கீலும் கடமை தவறாதவர். அவனுக்கும் தடை வாங்கினார். இப்படியே ஊரில் அறுபத்திரண்டு பேருக்கு விசா, போனவர் ஒருவருமில்லை.

வருடக் கடைசியில் தூதரகத்திலிருந்து பஞ்சாயத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது: ‘எம்மிடம் விசா பெற்ற தங்கள் ஊரார் எவரும் காலம் கடந்து எம் நாட்டில் தங்கவில்லை. இந்நேர்மை பிற ஊர்களுக்கும் முன்மாதிரியாகுக.’

அதைச் சட்டம் போட்டு யார் வீட்டுச் சுவரில் மாட்டுவது என்று இப்போது வழக்கு நடக்கிறது.