தாசில்தார் கை நனைக்கவில்லை

"ரெயின் செக்னா என்னம்மா?" என்று வீரையன் மகளிடம் கேட்டார். கோழிக்குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சாப்பிட அழைத்திருந்த தாசில்தார், வாசலில் எட்டிப் பார்த்தவர்களை ஒரு நோட்டம் விட்டு, அந்த இரண்டு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

அம்சவல்லி பி.எஸ்ஸி. படித்தவள். தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். "இப்ப வேணாம், இன்னொரு நாள் வரேன்னு அர்த்தம்ப்பா."

"அதுல மழை எங்கேருந்து வந்துச்சு?"

"மழையால ஆட்டம் நின்னுபோனா, இன்னொரு நாள் வந்து பார்க்கச் சீட்டு குடுப்பாங்களாம்."

பண்ணையாளாகக் குடியிருந்த மனைக்கு வீரையன் பேரிலேயே பட்டா கொடுத்தவர் தாசில்தார். அவர் இந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். அதுதான் வீரையனின் ஆசை. எதிர்வீட்டுக் கண்ணுசாமியோ, "பட்டா குடுப்பாரு. நம்ம சோத்தைத் திம்பாரா?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"சைவமா இருப்பாரோ?" என்றாள் அம்சவல்லி.

அடுத்த வாரம் தாசில்தார் தெருவில் மற்ற மனைகளை அளக்க வந்தபோது சாம்பார், மொறுமொறு வடை, புதுப் பாத்திரம், வாழையிலை. சாட்சிக்குப் பக்கத்து வீட்டாரையெல்லாம் வீரையன் கூட்டி நிறுத்தினார். தாசில்தார் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். இலையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு, "ரெயின் செக்" என்றார்.

"நீ சொன்ன அர்த்தம் காலேஜுலதான் செல்லும், பாப்பா" என்றான் கண்ணுசாமி. "நம்ம ஊருல அதுக்கு, ஒன் வீட்டுச் சோறு வேணாம்னு அர்த்தம்."

அம்சவல்லிக்குக் குழப்பமாக இருந்தது. அகராதியும் அவள் சொன்னதையேதான் சொன்னது. வேண்டாதவர் தண்ணீர் மட்டும் எப்படிக் குடித்தார்?

மூன்றாம் முறை வெறும் முறுக்குதான். ஆனால் இம்முறை முழுத் தெருவும் வந்திருந்தது. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வீரையன் பெஞ்சு வேறு போட்டிருந்தார். தாசில்தார் ஒரு முறுக்கை எடுத்தார், விரலால் அழுத்திப் பார்த்தார், தட்டிலேயே வைத்துவிட்டார்.

"ரெயின் செக்."

கண்ணுசாமி பெஞ்சின் மேல் நின்று சிரித்தான். வீரையன் தலை கவிழ்ந்து நின்றார்.

தாசில்தார் ஊர்க் கணக்கு பார்க்கும் கர்ணத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது, அம்சவல்லி தயங்கித் தயங்கி ஜீப் டிரைவர் பக்கீர் முகம்மதுவிடம் போனாள்.

"பாய், எங்க வீட்டுல சாப்பிட ஐயாவுக்கு மனசு இல்லையா?"

"அட, நீ ஒண்ணு தங்கச்சி. எங்க வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு மூணு தட்டு பிரியாணி சாப்பிட்டவரு. பல்செட்டைக் கழட்டி வெச்சாத்தான் அவருக்குச் சோறே எறங்கும். தெருவையே கூட்டி நிறுத்திட்டா எப்படிக் கழட்டுவாரு?"