நிறைகுடத்தாரின் எட்டு மதகுகள்

நிரப்பிகள் என்றொரு இனம் உண்டு. பார்த்தால் நம்மைப் போன்ற மனிதர்கள் மாதிரிதான் இருப்பார்கள். டீயைக் கோப்பையின் விளிம்பு வரை ஊற்றி, அதை மேசைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தரைக்குக் கொஞ்சமும் சட்டைக்குக் கொஞ்சமும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று அங்கலாய்ப்பவர்கள். பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டுகிறவர்கள். அலமாரிக் கதவைத் திறக்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் தலையில் விழாமல் இருக்க, நெஞ்சைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டே திறப்பவர்கள். காலி இடம் கண்ணில் பட்டால் போதும், இவர்களுக்குக் கை அரிக்கும். வீட்டோடு போனால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்த இனத்தில் ஒருவரைப் பிடித்து வெள்ளத் தடுப்பு அணைக்குப் பொறியாளராகப் போட்டால்தான் வம்பு.

போட்டுவிட்டார்கள்.

வெள்ளத் தடுப்பு அணை என்பது ஒரு விசித்திரமான சமாசாரம். மற்ற அணைகளைத் தண்ணீர் சேர்க்கக் கட்டுவார்கள். இதைக் காலியாக வைத்திருக்கக் கட்டினார்கள். ஆற்றைத் திருப்பி, பாறையைப் பிளந்து, பதினோரு வருஷம் மாரடித்து, அதை வடிவமைத்தவர்கள் உண்டாக்கியது வெறும் சுவரை அல்ல, சுவருக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை. பேய்மழை கொட்டும்போது வெள்ளம் அந்த வெற்றிடத்தில் வந்து தங்கி, கோபம் தணிந்து, ஆறு தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் போகவேண்டும். ஆகவே தொண்ணூறு அடி அணையில் மழைக்காலத்தில் அறுபத்தைந்து அடிக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. இந்த விதியைச் சிவப்புக் கோடாகப் போட்ட வரைபடம் ஒன்று கட்டுப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருந்தது. நம் பொறியாளர் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதன் மேல், அணை ததும்பி நிற்கும் வண்ணப்படம் ஒன்றை மாட்டிவிட்டார். ஆணி தயாராக இருந்தது, படமும் லட்சணமாக இருந்தது, வேறென்ன வேண்டும்?

ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் நிறைகுடம். அது காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு அன்று முழுக்க இரண்டு அங்குலம் உயரமாக நடந்தார். தினமும் காலை எட்டு மணிக்கு அளவுகோலின் அருகே போய் நின்று, குடையின் நுனியால் அதைச் செல்லமாகத் தட்டிவிட்டு, மனைவிக்குப் போன் போடுவார்.

"எண்பத்தாறு!"

"உங்க அம்மாவுக்கு எண்பத்தெட்டு. அவங்களை எப்பப் போய்ப் பாக்கப் போறீங்க?"

இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் பேச முடியும்? போனை வைத்துவிட்டு மறுபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை வானிலை அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது: வியாழன் முதல் கனமழை. காகிதத்தை எடுத்துக்கொண்டு மதகுக்காரர் ஓடி வந்தார். எட்டு மதகுகளையும் ஏற்றி இறக்குகிற வேலை அவருடையது. அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் முதலில் இருப்பது பள்ளத் தெரு. அதில் முதல் வீடும் அவருடையதுதான். வாசல் அறையில் அவர் மனைவி தையல் மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளம் வந்தால் கதவைத் தட்டாமல் நுழையும் வீடு அது.

"சார், இன்னிக்கே ரெண்டு மதகைத் திறந்தா ஒரு நாளைக்கு ஏழு அடி இறங்கும். வியாழக்கிழமைக்குள்ள அறுபத்தஞ்சுக்கு வந்துடலாம். ஆறும் தாங்கும்."

"இருபத்தோரு அடிய்யா! சேத்து வச்சவனுக்குத்தான் அருமை தெரியும்."

"நீங்க எங்க சார் சேத்தீங்க? மழைதானே சேத்துச்சு."

"நிறைகுடம் தளும்பாதுய்யா."

"மேல மழை கொட்டுனா எந்தக் குடமும் தளும்பும் சார்."

"பாக்கலாம், பாக்கலாம்."

நிரப்பிகளின் தாய்மொழியில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று அர்த்தம். செவ்வாய்க்கிழமை கேட்டபோது, மறுநாள் மேலதிகாரி குடும்பத்தோடு படகு சவாரிக்கு வருகிறார், சேற்றிலா துடுப்புப் போடுவார் என்று கேட்டார். புதன்கிழமை மேலதிகாரி வந்தார், போனார். மதகுக்காரர் மூன்றாவது முறையாகக் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றதும், பொறியாளர் ஜன்னல் வழியாக வானத்தைச் சுட்டிக்காட்டினார். துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது வானம்.

"ஒரு துளி மேகம் காட்டுய்யா, இப்பவே திறக்கறேன்!"

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மேகம் தன்னைக் காட்டியது. சும்மா சொல்லக்கூடாது, முழுசாகவே காட்டியது. ஏழு மணிக்கு எண்பத்தேழு. ஒன்பது மணிக்கு எண்பத்தெட்டு. எண்பத்தெட்டு வந்தபோதுகூட நம்மவர் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் எட்டிப்பார்த்தது என்று மதகுக்காரர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். பத்தரைக்கு எண்பத்தொன்பதரை. இன்னும் அரையடி ஏறினால் தண்ணீர் சுவரின் மேல் ஏறி வழியும், வழிந்தால் சுவரே பெயர்ந்து போகும். அப்போதுதான் நம்மவர் வண்ணப்படத்தைத் தூக்கி அடியில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். அது அறுபத்தைந்திலேயே இருந்தது.

சங்கு ஊதியது. ஒலிபெருக்கி வண்டி பள்ளத் தெருவில் கத்திக்கொண்டே ஓடியது. ஜனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறினார்கள். கடைசி ஆளும் மேலே போய்விட்டார் என்று செய்தி வந்ததும் மதகுக்காரர், தன் கையாலேயே, தன் வீட்டை நோக்கி எட்டு மதகுகளையும் திறந்தார். இரண்டு மதகு மூன்று நாளில் பொறுமையாகச் செய்திருக்க வேண்டிய காரியத்தை எட்டு மதகுகள் ஒரே மூச்சில் செய்தன. பள்ளத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். உயிர்ச்சேதம் இல்லை. மற்ற எல்லாச் சேதமும் இருந்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தண்ணீர் வடிந்ததும் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கூட்டம் போட்டு நம்மவரை மேடையேற்றினார்கள். "இவர் மட்டும் சரியான நேரத்துல மதகைத் திறக்கலைன்னா அணையே போயிருக்கும்!" என்று ஊர்ப் பிரமுகர் ஒருவர் முழங்கினார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. பொறியாளர் அடக்கத்தோடு எழுந்து, எதிர்பாராத மழை, ஏதோ தன்னால் ஆனதைச் செய்ததாகச் சொன்னார். கூட்டத்தின் நடுவிலிருந்து மதகுக்காரரின் மனைவி எழுந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? திங்கக்கிழமை எங்க வீட்டுக்காரர் காகிதத்தோட வந்து எதிர்பாக்கச் சொன்னாரே, அது எந்த மழை?"

பொறியாளர் மைக்கைச் சரிசெய்வது போலத் தட்டினார். அது 'கொய்ங்' என்றது.

"மிஷினைத் தூக்கிக் கட்டில் மேல வச்சுட்டு வந்தேன் சார். கட்டிலே மிதந்து போயிடுச்சு. இனி நான் எதுல தைக்கறது?"

நம்மவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒரு சொல் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவரிடம் ஏதாவது ஒன்று முற்றிலும் காலியாக இருந்தது அன்றைக்குத்தான். அவமானத்தில் முகம் சுண்டிப்போய், நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். வெட்கப்பட்டது நிஜம். அதை நாம் மறுக்கவேண்டாம்.

மனிதர் திருந்தியும் விட்டார். அடுத்த மாதம், அணை மறுபடி நிறைந்திருந்தபோது, மழை எச்சரிக்கை வந்த அன்றே, மதகுக்காரர் வாயைத் திறப்பதற்குள், "திறய்யா!" என்றார். மூன்றே நாளில் நீர்மட்டம் அறுபத்தைந்துக்கு இறங்கியது. மழை என்ன செய்தது தெரியுமா? வழியில் மனசை மாற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அணைமேல் காற்று வாங்க வந்தீர்களே, நினைவிருக்கிறதா? நீங்களேதான். இவ்வளவு நேரம் நம்மவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நீங்கள்தான். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தண்ணீர் இறங்கிப்போன கரையோரத்தில் வெடித்துக் கிடந்த சேற்றையும் அதில் ஒருக்களித்துப் படுத்திருந்த படகையும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொன்னீர்கள்?

"அநியாயத்தைப் பாத்தியா? இவ்வளவு தண்ணியையும் வீணா கடலுக்கு விட்டுட்டானே, எந்தப் புத்திசாலி செஞ்ச வேலை இது?"

கொஞ்சம் மெதுவாகவாவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் புத்திசாலி உங்களுக்கு நாலடி பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் கார் ஏறிப் போன பிறகும் வெகுநேரம் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மதகுக்காரரைக் கூப்பிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "இனிமே எல்லா மதகையும் மூடியே வைய்யா. ஜனங்க கேக்கறாங்க," என்றார்.

அடுத்த மழைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பள்ளத் தெருப் பக்கம் போக நேர்ந்தால், கேட்டது நீங்கள் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.