மாலை போட்ட என் படமும் மண்டபத்துக் கூட்டமும்

தாமான் செம்பாக்கா,
ஈப்போ.
சனிக்கிழமை மாலை.

என் அன்புக்குரிய மச்சான் மகேந்திரனுக்கு,

உன் மாமா அப்பாவு எழுதிக்கொள்வது. நான் உயிரோடு இருக்கிறேன். கடிதத்தில் சுகம் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் அதற்கும் ஒரு படி கீழேயிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது, காரணம் போகப் போகத் தெரியும். கோலாலம்பூரில் நீயும் துளசியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கக் கல்லுமலை முருகன் துணையிருக்கட்டும். கைப்பேசி இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். கைப்பேசியில் நான் எதை எழுதினாலும் நீ கட்டைவிரலைக் காட்டுகிறாய். முழங்கால் வலிக்கிறது என்று எழுதினேன், கட்டைவிரல். உன் அக்காவின் திதிக்கு வருகிறாயா என்று கேட்டேன், அதற்கும் கட்டைவிரல். வருகிறாய் என்று நினைத்து உனக்கும் இலை போட்டு வைத்திருந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, உன் பங்கையும் காக்கைக்கே வைத்தேன். காகிதத்தில் கட்டைவிரலை அமுக்க இடம் கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபம் உனக்கு நினைவிருக்கும். ரப்பர் தோட்டத்தை மூடி வீடுகள் கட்டியபோது, தோட்டத்துச் சனத்துக்கென்று கட்டிக்கொடுத்தது. உன் அக்கா நவமணி போன பிறகு நான் தினமும் காலையில் அங்கேதான் போவேன். பேப்பர் படிப்பேன், யாராவது வந்தால் கேரம் ஆடுவேன், யாரும் வராவிட்டால் நானே இரண்டு பக்கமும் ஆடி எதிராளியைத் திட்டுவேன். அந்த மண்டபத்தை, இந்த இடத்தை நிர்வகிக்கிற கம்பெனி, பார்சல் சாமான் அடுக்கி வைக்கிற கிடங்காக மாற்றப் போவதாக அறிவிப்பு ஒட்டி, கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டது. ஆட்சேபணை இருந்தால் மாதக் கடைசிக்குள் குடியிருப்பாளர்கள் சொல்லலாம் என்று பொடி எழுத்தில் கீழே ஒரு வரி. மற்றவர்களுக்கு அது ஒரு கட்டடம். எனக்கு, மச்சான், வீட்டைவிட்டு வெளியே போக இருந்த ஒரே காரணம் அதுதான். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்தேன், சாயங்காலம் வரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பெரிய பதவியில் இருக்கிற மச்சான் வழி சொல்லாமலா போவான் என்று ஒரு நம்பிக்கை. நீ காரில் போய்க்கொண்டே சொன்னாய்: “மாமா, இது சிம்பள் லா. சனம் சும்மா கெடக்குற வரைக்கும் அது வெறும் கூட்டம். மூணு விஷயம் நடந்தா தானா எந்திரிச்சுரும். பிரச்சின இருக்குன்னு தெரியணும். நம்மளால முடியாதுங்கிற நெனப்பு போகணும். இது நம்மளத் தொடுதுன்னு படணும். அவ்வளவுதான்.” அதற்குள் டோல் வந்துவிட்டது, லைன் கட்.

சரி, பாடம் கிடைத்துவிட்டது என்று இறங்கினேன். முதலில் பிரச்சினை தெரிய வேண்டும். அறிவிப்பைப் படம் எடுத்துத் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உனக்குத்தான் அந்தக் குழுவைத் தெரியுமே. நீயும் இங்கே ஒரு வீடு வாங்க வேண்டும் என்று உன் அக்கா உன்னையும் அதில் சேர்த்துவிட்டாள், நீ வீடும் வாங்கவில்லை, குழுவைவிட்டு வெளியேறவும் இல்லை. என் படத்துக்குப் பதிலாக ஒரு ரோஜாப்பூ, காலை வணக்கம் சொல்லிற்று. அடுத்தது முடியாது என்கிற நினைப்பு போக வேண்டும். மனுவை நானே எழுதி, கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று வீடு வீடாகக் கொண்டு போனேன். கடைசி வரிசை வீட்டுப் பத்துமலை, “நீங்க முன்னால போங்கண்ணே, நாங்கல்லாம் பின்னால இருக்கோம்” என்றான். தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன், ஒரு பூனை வந்துகொண்டிருந்தது. இவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணுகிற பெரட்டில் வரிசையாக நின்று, கணக்கு எழுதுகிற கிராணி பெயரைக் கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்று மட்டும் சொல்லிப் பழகிய வம்சம் நாம். கூப்பிடாவிட்டால் இருக்கிறோமா என்று நமக்கே சந்தேகம்.

மூன்றாவதற்கு மறுபடி உன்னைக் கூப்பிட்டேன். “கட்டடத்துக்காக எவனும் எந்திரிக்க மாட்டான் மாமா, ஒரு மொகம் வேணும்” என்றாய். சரி, என் முகத்தையே வைத்துவிடலாம் என்று கடைத்தெருவில் அச்சகம் வைத்திருக்கிற கலாதேவியிடம் போனேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல படம் நான் ஹார்ட்வேர் கடையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எடுத்தது. கழுத்தில் பெரிய ரோஜா மாலை, முதலாளி போட்டது. பளிச்சென்று தெரியட்டும் என்று கலாதேவி சுற்றிலும் கறுப்புக் கரை வைத்தாள். கீழே, ‘நம் மண்டபத்தின் கடைசி நாள் நெருங்கிவிட்டது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவு இல்லத்தில் அனைவரும் கூடுவோம்’ என்று வாசகம். மண்டபம்தான் பூட்டிக் கிடக்கிறதே, கூட்டத்தை வேறு எங்கே வைப்பது? சனிக்கிழமை சாயங்காலம் குழுவில் போட்டேன். போட்ட மறு நிமிடம் கைப்பேசி துள்ள ஆரம்பித்தது. கும்பிட்ட கைகள், வரிசை வரிசையாகக் கும்பிட்ட கைகள். மச்சான் மூளையே மூளை என்று உன்னை மெச்சிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். மாலையும் கறுப்புக் கரையும் வீட்டு விலாசமும் நேரமும் ஒரே படத்தில் இருந்தால் நம் சனம் கீழே உள்ள எழுத்தைப் படிக்காது என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

காலையில் ஐந்தாறு பேர் வந்தாலே பெரிது என்று சின்னப் பானையில் கோப்பி போட்டுவிட்டு, கைலியோடு முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். வாசலில் இரும்புக் குழாய்ச் சத்தம். சன்னல் வழியாகப் பார்த்தால் பந்தல்காரர் சின்னையா என் வீட்டு முன்னால் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார், லாரியிலிருந்து நாற்காலி இறங்குகிறது, தெருவெல்லாம் சாவு வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. பத்துமலை கையில் மாலையோடு யாரிடமோ, “நல்ல மனுசன், யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுத்ததில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தான். உன்னிடம் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும் மச்சான், அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது. கொஞ்சம் தொந்தரவு கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குள் பக்கத்து வீட்டுத் தினேஸ்வரி, உன் அக்கா காரியத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத பிள்ளை, மாரில் அடித்துக்கொண்டு அழுதபடி கதவருகே வந்துவிட்டாள். சவர நுரையோடு நானே போய்க் கதவைத் திறந்தேன். அழுகை பாதியில் நின்றது.

“அண்ணே, நீங்களா?”

“நான்தாம்மா. கூட்டம் பத்து மணிக்குத்தானே, சீக்கிரமே வந்துட்டீங்க.”

“நீங்க செத்துட்டீங்கன்னுல குரூப்புல போட்டிருக்கு.”

“யாரு போட்டா?”

“நீங்கதான். உங்க நம்பர்லருந்துதான் வந்துச்சு.”

நான் உயிரோடு இருப்பதற்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். சின்னையாதான் காப்பாற்றினார். “பந்தல் போட்டாச்சு, உடனே அவுக்க முடியாது. நாற்காலி கெடக்கு, கோப்பி இருக்கு, உக்காந்துட்டுப் போலாம் லா.” உட்கார்ந்தார்கள். அப்போதுதான் கைப்பேசியை எடுத்துக் கீழே உள்ள எழுத்தைப் படித்தார்கள். பத்துமலைக்கு மட்டும் உட்கார முடியவில்லை, மாலையை வைத்துக்கொண்டு தவித்தான். “இத வீட்டுக்குத் திரும்ப எடுத்துட்டுப் போனா என் பொண்டாட்டி உள்ள விடமாட்டா. உங்களுக்கும் போட முடியாது. என்னண்ணே செய்யறது?” எனக்கு என்ன தோன்றியதோ, “சாவப் போறது மண்டபம்தானே, அதுக்கே போடு” என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவன் நேரே எழுந்து போய் மண்டபத்துப் பூட்டில் மாலையைப் போட்டான். மாலை கொண்டு வந்த அத்தனை பேரும் பின்னாலேயே போனார்கள். நாற்காலிகளும் போயின. வெள்ளைச் சட்டைக் கூட்டம் மண்டப வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சாலையில் போகிறவர்கள் மோட்டாரை நிறுத்தி யார் தவறியது என்று கேட்டார்கள். இவர்கள் மண்டபம் என்றார்கள். எப்படி என்று கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? சொல்லச் சொல்லத்தான் இவர்களுக்கே கோபம் வந்தது. மத்தியானத்துக்குள் தினேஸ்வரி, “எங்க பிள்ளைங்க டியூஷன் இங்கதான் நடந்துச்சு, இத எவன் கேட்டு மூடுறான்” என்று முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தாள். மனுவில் கையெழுத்துப் போட வரிசை நின்றது. திங்கட்கிழமை மனு கைக்குப் போனதும் கம்பெனி ஆள் வந்து மாலைகளை ஒதுக்கிப் பூட்டைத் திறந்துவிட்டு, கிடங்குத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது என்று சொல்லிப் போனார்.

வெற்றிதான் மச்சான், உன் பாடம் எழுத்துக்கு எழுத்துப் பலித்துவிட்டது. ஆனால் எழுந்த சனம் திரும்பப் படுத்துக்கொள்வதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே. முதல் வாரம் மண்டபத்தில் உட்கார இடமில்லை. அடுத்த வாரம் தாராளமாக இடம் இருந்தது. இப்போது நானும் மின்விசிறியும். குழுவில் ரோஜாப்பூ மறுபடியும் காலை வணக்கம் சொல்கிறது. ஒரு காலைப் பொழுது என் வாசலில் அவ்வளவு பேர் இருந்தார்கள் என்பதை நினைத்தால், அது என் சாவுக்கு வந்த கூட்டம் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வருகிறது. ஒரே ஒரு மாற்றம். காலையில் என் சன்னல் திறக்காவிட்டால் தினேஸ்வரி வேலி ஓரம் நின்று, “அண்ணே, இருக்கீங்களா?” என்று குரல் கொடுக்கிறாள். நான் “இருக்கேம்மா” என்கிறேன். உண்மையைச் சொன்னால், விடியும் முன்பே எழுந்துவிடுகிறேன், அவள் கூப்பிடுவதற்காகத்தான் சன்னலைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. முழங்கால் பரவாயில்லை, சமையல் பழகிவிட்டது. உனக்கு எவ்வளவோ வேலை இருக்கும், என்னைப் பார்க்க வர வேண்டும் என்று அலட்டிக்கொள்ள வேண்டாம். துளசிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாகட்டும், உங்கள் வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற உன் மாமா,
அப்பாவு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் அந்தச் சனிக்கிழமைச் செய்திகளை மறுபடி ஒரு தரம் பார்த்தேன். தாமானே கும்பிட்ட கைகளை அனுப்பியிருந்தது. நடுவில் ஒரே ஒரு கட்டைவிரல். யாரடா இவன், என் சாவுக்கு நல்லது என்று சொன்னவன் என்று நம்பரைப் பார்த்தேன். உன்னுடையது. நீ திறந்தே பார்த்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும், கோபம் இல்லை. உன் பாடப்படி பிரச்சினையைச் சொல்லிவிட்டேன். தடை ஒன்றும் கிடையாது, ஈப்போவுக்கு ரயில் இருக்கிறது. உன்னைத் தொடுகிறதா என்பதை மட்டும் நீதான் சொல்ல வேண்டும். மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். சின்னையாவிடம் சொல்லி ஒரு நாற்காலியை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். வா மச்சான். வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வராதே, தினேஸ்வரி மறுபடியும் அழ ஆரம்பித்துவிடுவாள்.