பங்கிராஸின் மூன்றாவது பாட்டு

உலக ராக் இசையின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு வராமல் எழுதினால் அது வரலாறே அல்ல என்பதை, எங்கள் ஊர் நவீன இசை வளர்ச்சி மன்றத்தின் செயலாளர் என்ற முறையில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். 'மாற்று ராக்' எங்கள் ஊரில் முப்பது வருடமாக இருக்கிறது. அதன் பெயர் பங்கிராஸ்.

முன்பு அவர் 'குடைச்சல்' என்ற குழுவில் கித்தார் வாசித்துப் பாடினார். டிரம்ஸ் அடித்தவர் கோயில் பாடகர் குழுவுக்குப் போனார். பேஸ் கித்தார்க்காரர் குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்தார். மிஞ்சிய பங்கிராஸ் 'தனி இசைப் பயணம் தொடங்கினார்' என்று ஆண்டறிக்கையில் எழுதினேன். கூட வர ஆளில்லை என்று எழுதுவது நாகரிகமாக இருக்காது.

கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு கேட்டால் வாசிக்க மாட்டார். சொந்தப் பாட்டுதான். யாராவது ஒருவர் ஒரு பாட்டை முழுசாக உட்கார்ந்து கேட்க வேண்டும், அது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதற்காக மன்றம் செய்யாத சேவையில்லை. ஆண்டுதோறும் விழா எடுத்தோம். பொன்னாடை போர்த்தி 'ராக் மாமணி', 'மின்கித்தார் வேந்தர்' என்று பட்டங்கள் கொடுத்தோம். வரவேற்புரையும் பாராட்டுரையும் நானே ஆற்றினேன். அவர் சுருதி சேர்க்கும்போது பந்தி போட்டுவிடுவார்கள். பிரியாணி ஆறிவிடும் என்பதால் பாட்டை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பது மரபாயிற்று.

சென்ற ஆண்டு அவருடைய தனி ஆல்பம் 'மின்தடை' பென்டிரைவில் வெளிவந்தது. வெளியிட்டவன் நான். அதை நான் கேட்கவில்லை. கேட்டால் நடுநிலை போய்விடும்.

முதலில் வாங்கியவர் செல்லப்பாண்டி. மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார், காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை. பென்டிரைவை ஸ்பீக்கரில் சொருகித் தோட்டத்தில் ஓடவிட்டார். பன்றிகள் பிய்த்துக்கொண்டு ஓடின. விஷயம் பரவி, லோயர் கேம்ப்பிலிருந்து பண்ணைப்புரம் வரை தோட்டத்துக்குத் தோட்டம் 'மின்தடை' அலறியது. தனிக் கலைஞர் ஒருவருக்கு இத்தனை ஏக்கரில் வரவேற்பு கிடைத்தது இதுவே முதல்முறை என்று பாராட்டுத் தீர்மானம் போட்டோம். பங்கிராஸ் அதை வாங்கி எட்டாக மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார். பாவம், சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கதிர் பால்பிடிக்கும் சமயத்தில் செல்லப்பாண்டி மன்றக் கூட்டத்துக்குள் கோபமாக நுழைந்தார். பன்றிகள் திரும்பி வந்துவிட்டனவாம், பாதிச் சோளம் போய்விட்டதாம். மன்றம்தான் பொறுப்பு என்றார்.

"ஓட மாட்டேங்குதுண்ணே. தின்னுபுட்டுப் போகவாவது செய்யணும்ல? அங்கனயே படுத்துக்கிட்டுப் பாட்டுக் கேக்குது."

கடைசி நாற்காலியில் இருந்த பங்கிராஸ் எழுந்தார். "எந்தப் பாட்டுய்யா?"

"மூணாவது. அது முடியிற வரைக்கும் ஒண்ணுகூட அசையல."

பங்கிராஸ் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன சோளத்துக்காக அழுகிறார் என்று நினைத்து நான் ஆறுதல் சொன்னேன்.

மன்றம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஆல்பத்துக்குப் பதிலாக, விழாவில் நான் ஆற்றிய பாராட்டுரையின் பதிவைத் தோட்டங்களில் ஒலிபரப்பினோம். "பெருமதிப்பிற்குரிய" என்று என் குரல் ஆரம்பித்ததுமே பன்றிக்கூட்டம் மொத்தமும் எழுந்து மலைக்கு ஓடியது. இன்றுவரை ஒன்றும் கீழே இறங்கவில்லை. விவசாயிகளுக்கு என் பேச்சு இவ்வளவு பயன்பட்டதில் எனக்குக் கர்வம் இல்லையென்று சொன்னால் அது பொய்.

இந்த வெற்றியைக் கொண்டாட ஒரு விழா ஏற்பாடானது. அதில் பங்கிராஸுக்கு 'வாழ்நாள் சாதனையாளர்' விருது. அழைக்கப் போனபோது அவர் கித்தாரையும் பேட்டரி ஸ்பீக்கரையும் பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். விழாவுக்கு வர முடியாது, மலைமேலே ஓடைப்பக்கம் கச்சேரி இருக்கிறது என்றார்.

எனக்குக் கவலையாகிவிட்டது. "அங்கன ஆளு வருவாகளாப்பா?"

"ஆளு வராதுண்ணே," என்று கயிற்றை இறுக்கினார். "அதான் போறேன்."

விழா திட்டமிட்டபடி நடந்தது. பொன்னாடை வீணாக வேண்டாமென்று தலைவர் அதை எனக்கே போர்த்தினார். நான் மைக்கைப் பிடித்து, "பெருமதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தேன். பந்தி போட்டாயிற்று என்று யாரோ சொல்ல, மன்றம் மொத்தமும் எழுந்து ஓடியது.

பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் அன்றைக்கு மலைமேல் இருந்தார்கள்.