ஆஃப்சைடு பாயும் வெயிலில் நின்ற சைக்கிளும்

பிரின்சிபாலின் காரையே விசில் ஊதிப் பின்னுக்குப் போகவைத்த சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஆம்பூர்ப் பக்கம், எங்கள் கல்லூரியில் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஆஃப்சைடு பாய். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால், "அது வூட்ல கூப்புட்றதுக்கு. இங்க எதுக்கு?" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்தக் கல்லூரி ஆபீசில் பியூனாகச் சேர்ந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் கல்லூரி வாசலை மிதித்தது அந்த வழியில்தான். என்னோடு என் வியாதியும் வந்து சேர்ந்தது. பூட்டினோமா இல்லையா என்கிற வியாதி. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மைல் சைக்கிள் மிதித்து வந்து, கல்லூரி கேட்டைப் பார்த்ததும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறேன். அந்தச் சைக்கிளோ நான் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய ஒரே சொத்து. அதை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தால் ஆபீசில் உட்கார முடியாது. ஃபைலை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோகிற சாக்கில் ஸ்டாண்டுக்கு ஓடுவேன். பூட்டைத் தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வருவேன். வந்தபிறகு, தொட்டது என் சைக்கிள்தானா என்று சந்தேகம் வரும்.

பாய் இதை ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டார். "இன்னா எபி, காலையிலேர்ந்து பத்து வாட்டி வந்துட்ட. சைக்கிளுக்கு ஜொரமா?"

"இல்ல பாய், சும்மா ஒரு பார்வை."

"சும்மா பாக்குறவன் ஒரு வாட்டி பாப்பான். நீ ஆஸ்பத்திரில பிள்ளையப் போட்டவன் மாதிரி பாக்குற."

மறுநாள் என் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டாண்டின் கடைக்கோடியில், தகரக் கூரை முடிந்துபோன இடத்தில், முழு வெயிலில் நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அதுதான் அதன் இடம். சாயங்காலம் சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். நிழலில் வையுங்கள் என்று கெஞ்சினால், "உன் பொசிஷன் அதான்" என்பார். என் மேல் அவருக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஸ்டாண்டுக்கு ஓடுவதே நின்றுபோனது.

பொசிஷன் என்று சொன்னேன் அல்லவா? பாய்க்கு ஸ்டாண்டு என்பது ஃபுட்பால் மைதானம். கேரியர் வைத்த கனமான சைக்கிள்கள் பின்வரிசையில், டிஃபென்ஸ். பெண்பிள்ளைகளின் சைக்கிள்கள் நடுவில். கடைசி நிமிஷத்தில் பறந்து வந்து கடைசி மணி அடித்ததும் பறந்து போகிற பையன்களின் சைக்கிள்கள் முன்னால், ஃபார்வர்டு. தோல் கம்பெனியிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்து தினமும் காலையில் கோடு போடுவார். முன்சக்கரம் கோட்டைத் தாண்டினால் விசில். "ஆஃப்சைடு!" என்று கத்துவார். இரண்டாம் தடவை தாண்டினால் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவார். சக்கரம் இரண்டும் வானத்தைப் பார்க்கும்.

நடுப்பகலில் ஹாஃப் டைம். கால் மணி நேரம் ஒரு வண்டியும் உள்ளே வராது, வெளியே போகாது. பாய் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையாகத் தின்பார். ஒருநாள் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஸ்கூட்டரோடு வந்து நின்றார். "பாய், வீட்டுல அவசரம். வழி விடுங்க."

"இன்னும் நாலு சுளை இருக்குது சார்."

வாத்தியார் நின்றார். மூன்று சுளை தீரும்வரை நின்றார். நாலாவது சுளையை அவர் கையில் கொடுத்துத்தான் பாய் அனுப்பினார்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் இருந்தது. ஒரு சைக்கிளின் ஹேண்டில் இன்னொன்றை இடித்தால் ஃபவுல். ஆகவே இரண்டு சைக்கிளுக்கு நடுவில் ஒரு முழம் இடம் விட்டாக வேண்டும். காலை முதல் மணிக்கு முன்னாலேயே ஸ்டாண்டு நிரம்பிவிடும். பிறகு வருகிற பையன்கள் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்ப்பார்கள், தண்ணீர்த் தொட்டியில் சாய்ப்பார்கள், கொடிக்கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். ஒரு சுதந்திர தினத்தன்று அந்தச் சங்கிலியை அறுத்த பிறகுதான் கொடி ஏற்ற முடிந்தது.

கல்லூரிக்குப் பக்கத்தில் நிஜமான மைதானமும் இருந்தது. ஒரு பக்கம் ஆறு வரிசைக் கருங்கல் படி, மற்ற மூன்று பக்கமும் வேலிகாத்தான் முள். ஊர் அதற்கு ஸ்டேடியம் என்று பெயர் வைத்திருந்தது. இடம் கல்லூரியுடையது என்றாலும் லீவு நாளில் தோல் கம்பெனிகளின் டீம்கள் அங்கே ஆடும். சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறவைக்கிறவர்கள் ஒரு டீம். தோலுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பினிஷிங் ஆட்கள் ஒரு டீம். "பினிஷிங்காரன் ஆட்டத்துல பாலிஷ் ஜாஸ்தி, கோல் கம்மி" என்பது பாயின் தீர்ப்பு. பாயும் ஒரு காலத்தில் கம்பெனி டீமில் ஃபுல் பேக் ஆடியவராம். மடக்க முடியாத வலது முட்டிதான் அதற்குச் சாட்சி. கோல் போஸ்டுக்கு வெள்ளை அடிப்பது, கோடு போடுவது, மேட்ச் அன்று வருகிற சைக்கிள்களைக் காப்பது எல்லாம் அவர்தான். மைதானத்துக்கு முதுகைக் காட்டி சைக்கிள்களைப் பார்த்தபடியே நிற்பார். கூட்டம் போடுகிற சத்தத்தை வைத்தே, "இடது பக்கம் கார்னர். வேஸ்ட் பண்ணப் போறான் பாரு" என்பார். அவன் வேஸ்ட் பண்ணுவான்.

வினை என் கையால்தான் வந்தது.

மழைக்காலத்தில் ஓரத்துச் சைக்கிள்கள் நனைகின்றன, கூரைக்கு இன்னும் இரண்டு தகரம் வேண்டும் என்று பாய் ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். அவருக்கு உருது எழுத வரும், தமிழில் கையெழுத்து மட்டும்தான். இரண்டு தகரம் என்று எழுதினால் அரைத் தகரம்தான் கொடுப்பார்கள் என்று எனக்குப் பயம். எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளையெல்லாம் கொட்டினேன். இருக்கும் இடம் எள்ளளவும் போதாது, மாணாக்கர்தம் வாகனங்கள் நிற்க நிழலின்றி வாடுகின்றன, நிர்வாகம் உடனே கண் திறக்க வேண்டும். பாய் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தகரம் எங்கப்பா வருது?" என்றார். "கடைசி வரியில வருது பாய்" என்றேன்.

நிர்வாகம் கண் திறந்தது. கடைசி வரி வரைக்கும் படிக்கவில்லை.

மைதானத்தை மூடி, கருங்கல் படிக் காலரியை இடித்து, அங்கே பெரிய வாகன ஸ்டாண்டு கட்டுவது என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. அந்த ஃபைலை ஆபீசிலிருந்து கமிட்டி அறைக்குத் தூக்கிப் போனவன் நான்தான். மேலே என் மனுவைக் குத்தி வைத்திருந்தார்கள்.

பாயிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள் ஸ்டாண்டில் விசில் சத்தமே இல்லை. ஹிஸ்டரி வாத்தியார் மொபெட்டைக் கோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போகிறார், பாய் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஆரஞ்சு உரிக்கப்படாமல் கிடந்தது.

"பாய், என்னாலதான் எல்லாம். நான்தான் ஜாஸ்தியா எழுதிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தார். "நீ எழுதுன. நான் கையெழுத்துப் போட்டேன். பந்து ரெண்டு பேரு கால்லயும் பட்டுத்தான் நம்ம கோலுக்குள்ளயே போயிருக்குது. வுடு."

"இப்ப இன்னா பண்றது பாய்?"

"ஆட்டம் முடியலையே" என்றார்.

கமிட்டி நேரில் வந்து பார்க்க ஒரு நாள் குறித்தது. அன்றைக்கு எல்லாச் சைக்கிளும் பழைய ஸ்டாண்டுக்குள்ளேயே அடங்கிவிட்டால் மைதானம் பிழைக்கும். பாய் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முழ இடைவெளியைக் கைவிட்டார். ஹேண்டிலோடு ஹேண்டில் மாட்டி நெருக்கி வைத்துப் பார்த்தோம். அப்போதும் நாற்பது ஐம்பது சைக்கிள் வெளியே நின்றது. பாய் கூரையை அண்ணாந்து பார்த்தார். அதைத் தாங்குகிற இரும்புக் கம்பிகளைப் பார்த்தார். "எபி, தோலை எங்க காயப்போடுவாங்க?" என்றார்.

"கம்பெனியில கொக்கி போட்டுத் தொங்கவுடுவாங்க."

"தரையில போட்டா எத்தினி தோலு புடிக்கும்? தொங்கவுட்டா எத்தினி புடிக்கும்?"

கம்பி வளைந்தால்? கொக்கி அறுந்தால்? ஒரு சைக்கிள் யாராவது தலையில் விழுந்தால்? ஒவ்வொன்றாகக் கேட்டேன். "நீ வீட்டுக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பாரு" என்று அனுப்பிவிட்டார்.

குறித்த நாள் காலையில் தோல் கம்பெனி ஆட்கள் மூட்டை மூட்டையாகப் பழைய கொக்கிகளைக் கொண்டு வந்தார்கள். ஜென்மத்தில் ஒரு பக்கம் நிற்காத சுண்ணாம்புக் குழி டீமும் பினிஷிங் டீமும் தோளோடு தோள் நின்று, வருகிற சைக்கிளையெல்லாம் வாங்கி, முன்சக்கரத்தில் கொக்கி மாட்டி வரிசையாகத் தொங்கவிட்டார்கள். பையன்கள் வாய் பிளந்து நின்றார்கள். கணக்கு வாத்தியார், "என் சைக்கிள் முப்பது வருஷமா தரையில நின்ன சைக்கிளுப்பா" என்று முனகினார். அவருடையதும் ஏறியது. வகுப்பு மணி அடித்தபோது வெளியே ஒரு சைக்கிள் கிடையாது. ஸ்டாண்டில் இடம் மிச்சம் இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் தரையில் நின்றது. கடைக்கோடியில், வெயிலில். என்னுடையது.

"பாய், அதையும் மாட்டிடுங்க! கமிட்டி வருது!"

"அது இருக்கட்டும்."

"மிச்சம் நிக்குதுன்னு எழுதிடுவாங்க பாய்!"

"இருக்கட்டும்னா இருக்கட்டும்."

கமிட்டி வந்துவிட்டது. முன்னால் தாளாளர் சாயபு. அவரே ஒரு தோல் கம்பெனிக்குச் சொந்தக்காரர். அவருக்குப் பக்கத்தில், புது ஸ்டாண்டு கட்டியே தீரவேண்டும் என்கிற பொருளாளர். பின்னால், ஃபைலைக் கட்டிப்பிடித்தபடி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்ட நான். தாளாளர் உள்ளே நுழைந்தார், நிமிர்ந்தார், நின்றார். வரிசை வரிசையாகத் தொங்குகின்றன சைக்கிள்கள்.

"அரே, இது நம்ம தோல் காயப்போடுற ஷெட்டு மாதிரி இல்ல இருக்குது!"

அவர் சிரித்த நேரத்தில், யாரோ ஒரு பையன் கேரியரில் மறந்துவிட்ட சோற்றுத் தூக்கு திறந்துகொண்டது. கத்தரிக்காய்க் குழம்பு பொருளாளரின் வெள்ளை ஜிப்பாத் தோளில் நிதானமாக இறங்கியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. கை நீட்டினார். "அதோ பாருங்க, ஒண்ணு மிச்சம். இன்னிக்கு ஒண்ணு, அடுத்த வருஷம் நூறு. இடம் பத்தாதுன்னு இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க."

எனக்கு மைதானம் போய்விட்டது என்றே தோன்றியது. காலரிப் படிகள் ஒவ்வொன்றாக இடிகிற சத்தம் காதுக்குள் கேட்டது.

"ஏன் பாய், அது ஒண்ணு மட்டும் ஏன் கீழ நிக்குது?" என்றார் தாளாளர்.

பாய் விறைப்பாக நின்றார். "அது கோல்கீப்பரு சாயபு. பத்து பேரும் மேல ஏறி ஆடலாம். கோல்கீப்பரு போஸ்டை வுட்டுட்டு எங்க போவான்? அது அங்கதான் இருக்கணும்."

தாளாளர் பாயைப் பார்த்தார். என் சைக்கிளைப் பார்த்தார். அப்புறம் வேலிகாத்தானுக்கு அப்பால் மைதானத்தைப் பார்த்தார். புதிதாக வெள்ளை அடித்த கோல் போஸ்ட் பளிச்சென்று நின்றது. "இடம் இருக்குதுப்பா" என்றார் பொருளாளரிடம். "நமக்கு மாட்டத்தான் தெரியலை." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மனுவுல கடைசியா இன்னாமோ கேட்டிருக்காங்களே, படி" என்றார். கடைசி வரியைப் படித்தேன். இரண்டு தகரம்.

மைதானம் பிழைத்தது. இன்றைக்கும் இருக்கிறது. சாயங்காலம் சைக்கிள்களை இறக்க இரண்டு மணி நேரம் ஆனதும், மறுநாளே பாய் அடங்காத கொஞ்சத்தை மட்டும் கம்பியில் விட்டு மற்றதையெல்லாம் தரைக்குக் கொண்டுவந்து நெருக்கி வைக்க ஆரம்பித்ததும், ஒவ்வொரு ஹேண்டில் இடிக்கும்போதும் அவர் முகம் சுளித்ததும் வேறு கதை. இரண்டு தகரமும் வந்தன. ஓரம் முழுக்க நிழல் விழுந்தது. பாய் உடனே என் சைக்கிளைத் தூக்கி, அந்த நிழலையும் தாண்டி, மறுபடி வெயிலில் வைத்தார். அன்று நான் அவரோடு பேசவில்லை.

நாலைந்து வருஷம் கழித்து, முட்டி வலி ஜாஸ்தியாகி, பாய் ஜோலார்பேட்டையில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது விசிலைக் கோல் போஸ்டில் மாட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். என்னிடம், "பேஜார் பண்ணிக்காம இரு எபி" என்று மட்டும் சொன்னார்.

புதிதாக வந்த ஸ்டாண்டுக்காரர் தங்கமானவர். டோக்கன் கொடுத்தார். முதல் நாளே என் சைக்கிளை நல்ல நிழலாகப் பார்த்து நடுவில் நிறுத்தினார். நான் சந்தோஷமாக வந்து ஆபீசில் ஜன்னலோரம் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் எழுந்து ஸ்டாண்டுக்கு ஓடினேன். பூட்டைத் தொட்டேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி ஓடினேன். எத்தனையோ வருஷமாக இல்லாத வியாதி ஒரே காலையில் திரும்பி வந்திருந்தது. மூன்றாம் தடவை உட்காரும்போது ஜன்னலைப் பார்த்தேன். பாதி ஜன்னலைப் பீரோ மறைத்திருக்கும். மிச்சத்தை வேப்பமரம் மறைத்திருக்கும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி பார்த்தால் ஸ்டாண்டில் ஒரே ஓர் இடம்தான் தெரியும். கூரை முடிந்துபோன கடைக்கோடி. அது காலியாக இருந்தது.

எழுந்து போய், புது ஆள் "இன்னா சார், வெயில்லயா?" என்று கேட்கக் கேட்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே நிறுத்தினேன்.