அரை நிமிட இருட்டு

"மாமா, அரை நிமிஷம் விளக்கை அணைச்சா போதும்."

"அணைச்சா, செடிக்குப் பதிலா நீ பூப்பியா?" என்றார் தோட்டத்துச் சொந்தக்காரர், ஊருக்கே ஆறாம் மாமா.

தோவான் கேமராவும் கையுமாகத் தோட்டத்தைப் பார்த்தான். வியட்நாமின் பின் துவான் மாகாணத்தில் ராத்திரியைப் பகலாக்கினால்தான் டிராகன் பழச் செடி பருவம் தப்பியும் பூக்கும். தோட்டம் முழுக்க வரிசை வரிசையாக மஞ்சள் பல்பு. அந்த வெளிச்சத்தில் பால்வீதி எங்கே தெரியும்? கொசுதான் தெரியும்.

தோவான் கல்யாணப் படம் எடுக்கிறவன். ஆறாம் மாமாவின் மகள் லியன் என்றால் உயிர். அவரோ பெண்டாட்டியை இழந்தபின் சிடுசிடுப்பே உருவான மனிதர். "வானத்தை வாய் பார்க்கிறவனுக்குப் பொண்ணு இல்லை. கண்காட்சியில உன் படம் தொங்கட்டும், அப்புறம் பேசு" என்று சொல்லிவிட்டார். படம் அனுப்ப நாளையே கடைசி.

"அது என்ன தம்பி, அரை நிமிஷக் கணக்கு?" என்று கேட்டாள் எதிரே காப்பிக் கடை வைத்திருக்கும் ஹுவே அக்கா.

"நட்சத்திர வெளிச்சம் சேரணும்ல, அக்கா. அதுவரைக்கும் நடமாடுறவங்க படத்துல விழ மாட்டாங்க. அசையாம நின்னாத்தான் விழுவாங்க."

"அடேயப்பா!" என்று ஹுவே அக்கா ஐஸ் காப்பியை நீட்டினாள்.

அன்றிரவு தோவான் திருட்டுத்தனமாகத் தோட்டத்துக்குள் நுழைந்தான். நாலு பல்புகளுக்கு உரச்சாக்கை மாட்டிவிட்டான். சாக்கு கருகி நாற்றமெடுத்தது. அதை உருவ எக்கினால் முள் கிழித்தது. "ஐயோ!" என்ற சத்தத்துக்கு ஊர் நாய்கள் அத்தனையும் பதில் சொல்லின.

லியனுக்குப் போன் போட்டான்.

"கொட்டகைக்குப் பின்னால ஒரு கைப்பிடி இருக்கும், அதை இழு. அப்பா கையில மாட்டினே, நான் உன்னைப் பார்த்ததேயில்லை!"

இழுத்தான். தலையில் தண்ணீர் கொட்டியது. தொப்பலாக நனைந்து அலறுவதற்குள் விளக்குகள் மொத்தமும் அணைந்தன. அம்மாடி! உச்சியில் பால்வீதி பொங்கி வழிந்தது. ஓடிப்போய் கேமராவை அழுத்தினான்.

படம் விழுந்த கொஞ்ச நேரத்தில் விளக்குகள் எரிந்தன. நாய்ச் சத்தத்துக்குப் பாதி ஊர் தடியோடு வந்து நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஆறாம் மாமா குதித்தார்.

"எவன்டா என் விளக்கை அணைச்சது?"

ஊரே ஈரத் தோவானைப் பார்த்தது. லியன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான்தான் மாமா..."

"இந்த ஜென்மத்துல உனக்குப் பொண்ணு கிடையாது! கொண்டா அந்தக் கேமராவை, ஊரே பார்க்கட்டும்!"

பிடுங்கிப் பார்த்தார். இன்னும் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். சட்டென்று உள்ளங்கையால் திரையைப் பொத்திக்கொண்டார்.

"படம்... நல்லாத்தான் இருக்கு. கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம், மாப்பிள்ளை?"

தோவானுக்குக் கண் கலங்கிவிட்டது. கலையின் சக்தியே சக்தி என்று பூரித்துப்போய் நின்றான்.

கூட்டம் கலைந்தபோது ஹுவே அக்கா அவன் காதருகே குனிந்தாள். "தம்பி, கண்காட்சிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி வலது ஓரத்துல நிக்கிற எங்க ரெண்டு பேரையும் அழிச்சிடு. நீ திறந்தது தண்ணிக் குழாய். விளக்கை அணைச்சது உன் மாமனார்தான். யாரும் பார்க்கக் கூடாதுன்னு இருட்டுல ஓடி வந்து என் கையைப் பிடிச்சவரு, அப்புறம் அசையவே இல்லை!"